காபி விளம்பரமும் பேத்தியின் வீட்டுப்பாடமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில், தொலைக்காட்சி விளம்பரத்தை ஆராய்வது எப்படி என்று ஒரு பக்கம் வந்திருந்தது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் பேத்திக்கும் பள்ளியில் அதே வீட்டுப்பாடம். ஏதாவது ஒரு விளம்பரத்தை எடுத்துக்கொண்டு, அதில் கேமரா, ஒலி, வண்ணம் மூன்றும் எப்படிப் பயன்பட்டிருக்கின்றன என்று ஒரு பக்கம் எழுதிவர வேண்டும். உங்கள் பக்கத்திலிருந்த கட்டத்தை அவள் அப்படியே நோட்டில் இறக்கிவிட்டாள். குளோசப் என்றால் உணர்ச்சி, கீழிருந்து எடுத்தால் கம்பீரம், மஞ்சள் மகிழ்ச்சி, நீலம் சோகம், வேகமான இசை என்றால் உற்சாகம். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

நான் 1988 முதல் 2013 வரை சென்னையில் விளம்பரப் படங்களில் உதவி ஒளிப்பதிவாளனாக இருந்தவன். பெரும்பாலும் போகஸ் புல்லர் வேலை, அதாவது படம் மங்காமல் லென்ஸின் தெளிவைப் பிடித்துக்கொண்டே இருக்கும் வேலை. இப்போது கும்பகோணத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். அந்தக் கட்டத்தைப் படித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதை மனப்பாடம் செய்த பிள்ளை எந்த விளம்பரத்தையும் பார்க்கவே தேவையில்லை, பார்க்காமலே எழுதிவிடலாம். அதனால் அன்று சாயங்காலம் பேத்தியை உட்கார வைத்து ஒரே ஒரு விளம்பரத்தை மூன்று விதமாகப் பார்க்கச் சொன்னேன். அதில் கண்டதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அது 30 நொடி ஓடும் ஒரு ஃபில்டர் காபித் தூள் விளம்பரம். எங்கள் வீட்டிலும் அந்தத் தூள்தான். பெயர் வேண்டாம், நான் சொல்லப்போவது ஒரு கம்பெனியைப் பற்றி மட்டும் இல்லை. விடியற்காலை. களைத்துப்போன மருமகள், முகத்தைச் சுளித்தபடி பேப்பர் படிக்கும் கணவன், வாயே திறக்காத மாமியார். காபி வருகிறது. வீடே சிரிக்கிறது. 'நுரையிலேயே தெரியும் தரம்' என்று ஒரு குரல் சொல்கிறது. அவ்வளவுதான் கதை.

முதலில் ரிமோட்டில் மெனுவுக்குப் போய்க் கலரைப் பூஜ்ஜியத்துக்கு இறக்கச் சொன்னேன். கறுப்பு வெள்ளையில் ஓடிய விளம்பரத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தாத்தா, காபிக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரே நேரம்தான். ஜன்னல் கம்பி நிழல் தரையில அதே இடத்துலதான் விழுது." எனக்கு அவளைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும் போல இருந்தது. கலரோடு பார்க்கும்போது பொழுது விடிந்துவிட்டது என்று நம் மனசு தானாக முடிவு கட்டிக்கொள்கிறது. முன்பாதி சாம்பல் நீலம், பின்பாதி நெய் உருக்கிய மாதிரி பொன்னிறம். கண்ணால் பார்க்க நிழலே நகராதபோது சூரியன் எப்படி ஏறியது?

எங்கள் காலத்தில் இதை ஜெல் பேப்பரால், அதாவது வெளிச்சத்தின் நிறத்தை மாற்றும் கண்ணாடித்தாளால் செய்வோம். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வோம், எண் கூடக்கூட நீலம், குறையக்குறைய மஞ்சள். பகல் வெளிச்சம் சுமார் 5,600 கெல்வின், டங்ஸ்டன் விளக்கு 3,200. டங்ஸ்டனுக்கான ஃபிலிமைப் போட்டுக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தை அப்படியே விட்டால் வீடு நீலம் பாய்ந்து கிடக்கும். அதே ஜன்னலுக்கு ஆரஞ்சு ஜெல் ஒட்டி, உள்ளே இரண்டு விளக்கைக் கூட்டினால் மங்களகரமான காலை. ஒரு மணி நேர வேலை. இப்போது அதைக் கம்ப்யூட்டரில், எடுத்த படத்தின் நிறத்தை மாற்றும் கலர் கிரேடிங்கில் உட்கார்ந்து முடித்துவிடுகிறார்கள். ஆகவே பிள்ளைகளிடம் 'மஞ்சள் மகிழ்ச்சி' என்று எழுதச் சொல்வதைவிட, 'எந்த நொடியில் நிறம் மாறுகிறது, அந்த நொடியில் திரையில் என்ன பொருள் இருக்கிறது' என்று கேளுங்கள். இந்த விளம்பரத்தில் நிறம் மாறுவது டம்ளர் மேஜையில் வைக்கப்படும் அந்த நொடியில்தான். துல்லியமாக அங்கேதான்.

இதே கையால் சிவப்பழகு கிரீம் விளம்பரங்களுக்கும் நான் வேலை செய்திருக்கிறேன். 'முன்பு' என்ற காட்சிக்கு விளக்கு உச்சியிலிருந்து நேராக விழும், கண்ணுக்குக் கீழே குழி தெரியும். 'பின்பு' என்ற காட்சிக்குப் பட்டர் பேப்பர் வழியாக வெளிச்சம், கன்னத்துக்குக் கீழே வெளிச்சத்தைத் திருப்பிவிட வெள்ளைத் தெர்மோகோல். பெண் ஒருத்திதான், நாளும் ஒன்றுதான். அந்த விளம்பரங்களைப் பார்த்துக் கண்ணாடி முன்னால் நின்று வருந்திய பெண்களில் என் சொந்தத் தங்கையும் ஒருத்தி. இதை நான் எங்கும் எழுதியதில்லை. இன்று எழுதுகிறேன்.

அடுத்தது கேமரா. இப்போது கலர் வந்துவிட்டது, சத்தத்தை மட்டும் அணைத்தோம். எத்தனை ஷாட், அதாவது வெட்டாமல் தொடர்ந்து ஓடும் துண்டு, என்று எண்ணச் சொன்னேன். மூன்று தடவை எண்ணி 24 என்றாள். நம் தொலைக்காட்சியில் ஒரு நொடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 தனித்தனிப் படம். 30 நொடிக்கு 750. சராசரியாக ஒரு ஷாட்டுக்கு 31 ஃபிரேம்தான் வருகிறது. ஆனால் டிக்காஷனில் பால் கலக்கும் ஒரு ஷாட் மட்டும் நான்கு நொடி நிற்கிறது. மனிதர்களுக்கு ஒரு நொடி, பாலுக்கு நான்கு நொடி.

அந்த ஷாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் என் வாழ்நாளில் பாதி அதில்தான் போயிற்று. ஆரி 435 என்ற ஃபிலிம் கேமராவை நொடிக்கு 150 ஃபிரேம் வரை ஓட்டலாம். அதை 25 ஃபிரேமில் காட்டினால் ஆறு மடங்கு மெதுவாகத் தெரியும். ஆறு மடங்கு வேகமாக ஓட்டினால் ஃபிலிமுக்கு ஆறு மடங்கு வெளிச்சமும் வேண்டும். அவ்வளவு விளக்குக்கு நடுவே ஒரு டம்ளர் காபி. மிக அருகிலிருந்து எடுக்கும் மேக்ரோ லென்ஸில் தெளிவாகத் தெரிகிற ஆழம் சில மில்லிமீட்டர்தான். அளவு டேப் பிடித்து டம்ளர் விளிம்புக்கு போகஸ் வைத்திருப்பேன், பால் விழுந்து மட்டம் ஏறும்போது விரல் நுனியால் லென்ஸை மயிரிழை திருப்ப வேண்டும். அரை நாளில் நாற்பது தடவை ஊற்றுவார்கள். நிஜக் காபியின் நுரை அந்தச் சூட்டில் நிற்காது. அதனால் நாங்கள் எடுத்த காபி விளம்பரங்களில் டிக்காஷன் ஆறிப்போனதாக இருக்கும், நுரைக்குச் சோப்புத் தண்ணீர் இருக்கும். ஆவி பறக்கிறதே என்பீர்கள். இருட்டான பின்னணி வைத்துப் பின்பக்கத்திலிருந்து விளக்கடித்தால்தான் ஆவி கேமராவுக்குத் தெரியும். டம்ளருக்குப் பின்னால் ஒருவர் துணி தேய்க்கும் ஸ்டீமரைப் பிடித்துக்கொண்டு குனிந்திருப்பார்.

இதெல்லாம் ஏமாற்றா என்று பேத்தி கேட்டாள். நல்ல கேள்வி. 1965-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் கோல்கேட் பாமோலிவ் நிறுவனத்தின் ரேபிட் ஷேவ் என்ற சவரக் கிரீமின் விளம்பர வழக்கு ஒன்று தீர்ப்பானது. உப்புத்தாளில் கிரீமைத் தடவிய உடனே பிளேடு வழித்துக்கொண்டு போவதாகக் காட்டியிருந்தார்கள். உண்மையில் அது உப்புத்தாளே இல்லை, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டின்மேல் தூவிய மணல். அசல் உப்புத்தாளாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊற வேண்டியிருக்கும். சொல்லாமல் மாற்றுப் பொருளை வைத்து அதையே சாட்சியாகக் காட்டினால் அது ஏமாற்று என்றது நீதிமன்றம். விளக்குச் சூட்டில் ஐஸ்கிரீம் உருகும் என்று மசித்த உருளைக்கிழங்கை வைத்துப் படம் எடுக்கிறார்களே என்ற பேச்சும் அந்த வழக்கில் வந்தது. ஒரு காட்சிக்காக வைப்பது வேறு, பொருளின் தரத்துக்கு நிரூபணமாக வைப்பது வேறு என்று பிரித்தார்கள். நான் அந்தக் கோட்டைத்தான் பிடித்துக்கொள்கிறேன். நுரை அழகுக்கு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். 'நுரையிலேயே தெரியும் தரம்' என்று குரல் சொல்லும்போது நுரை சாட்சிக் கூண்டில் ஏறிவிடுகிறது. கும்பகோணத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நுரை வருவது பாலிலும் ஆற்றுகிற கையிலும். தூளில் இல்லை.

இன்னொன்றையும் பேத்தியே கண்டுபிடித்தாள். விளம்பரத்தில் எல்லோரும் டம்ளரை உதட்டில் வைத்து உறிஞ்சுகிறார்கள். எங்கள் வீட்டில் அவள் பாட்டி இன்றைக்கும் அண்ணாந்துதான் குடிப்பாள், எச்சில் படுத்த மாட்டாள். அந்த விளம்பர வீடு அக்கிரகாரத்து வீடு மாதிரி ஜோடித்திருக்கிறார்கள், மாமியார் மடிசார் கட்டியிருக்கிறார், குடிப்பது மட்டும் இப்படி. காரணம் கேமரா. அண்ணாந்து குடித்தால் தாடையும் கழுத்தும்தான் தெரியும், கண்கள் சொக்குவது தெரியாது. முகம் வேண்டும் என்பதற்காக ஒரு பழக்கத்தையே மாற்றிவிட்டார்கள். அதோடு, 24 ஷாட்டில் ஒருவர்கூட ஒரு வாய் விழுங்குவதைக் காட்டவில்லை. டம்ளர் உதட்டுக்குப் போகிறது, கட், மூடிய கண்கள், புன்னகை.

மூன்றாவது, கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும். டம்ளர் டவராவில் படுகிற 'டங்', ஆற்றுகிற சத்தம், குயில், வீணை, ஒரு சிரிப்பு, கடைசியில் ஆண் குரல். எழுதிக்கொண்டாள். "சரி, காலை ஆறரை மணிக்கு நம்ம வீட்டுல கேக்கிற எந்தச் சத்தம் இதுல இல்ல?" என்றேன். குக்கர் விசில், தண்ணி மோட்டார், ஃபேன், பக்கத்து வீட்டு டிவி என்று விரல் மடக்கினாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "காபி போட்ட அம்மா ஒரு வார்த்தைகூடப் பேசல தாத்தா" என்றாள். நான் நாலைந்து தடவை பார்த்தும் கவனிக்காத விஷயம்.

காபி ஆற்றுகிற அந்தச் சத்தம் படப்பிடிப்பில் பதிவாவதில்லை. அங்கே கேமரா ஓடும் இரைச்சலும் ஆட்கள் கத்துவதும்தான் இருக்கும். ஒலிக்கூடத்தில் மைக்கைக் கிட்டே வைத்துத் தனியாக எடுப்பார்கள். ஆறிய திரவத்தின் ஓசை கூர்மையாக இருக்கும், சூடானது கொஞ்சம் கனத்து மெத்தென்று விழும், காது அதைக் கண்டுபிடித்துவிடும். ஆகவே படத்துக்கு ஆறிய காபி, சத்தத்துக்குக் கொதிக்கும் தண்ணீர். இசையின் வலிமையைச் சொல்ல ஓர் உதாரணம் போதும். மொசார்ட் 1773-இல், 17 வயதில் எழுதிய 25-ஆம் சிம்பொனியின் ஒரு துணுக்கு, டைட்டன் விளம்பரத்தில் திரும்பத் திரும்பக் கேட்டதால், நம்மில் பெரும்பாலோருக்கு டைட்டன் கைக்கடிகாரம்தான்.

விளம்பரம் வந்தாலே சத்தம் கூடிவிடுகிறது என்று உங்கள் பக்கத்தில் வாசகர்கள் அடிக்கடி எழுதுகிறார்கள். அவர்கள் சொல்வது சரி, ஆனால் அளந்து பார்த்தால் உச்ச ஒலி ஒன்றாகவே இருக்கும். நாடகத்தில் கிசுகிசுப்பும் உண்டு, கத்தலும் உண்டு. விளம்பரத்தில் மெல்லிய ஒலிகளையெல்லாம் கம்ப்ரசர் என்ற ஒலிக் கருவி வைத்து உச்சிக்கு ஏற்றிவிடுகிறார்கள். மேட்டை உயர்த்தவில்லை, பள்ளத்தைத் தூர்த்துவிட்டார்கள். நம் 1994-ஆம் ஆண்டுக் கேபிள் தொலைக்காட்சி விதிகளிலேயே விளம்பரத்தின் ஒலி அளவுமீறி உரத்து இருக்கக் கூடாது என்று இருக்கிறது. 'அளவுமீறி' என்ற சொல்லை எந்த மீட்டரில் அளப்பது? அமெரிக்காவில் சராசரி உரப்பை அளந்து, அது நிகழ்ச்சியை மிஞ்சக் கூடாது என்பதை 2012 டிசம்பர் முதல் சட்டப்படி நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

கடைசியாக எனக்கு உண்மையில் கோபம் வந்த இடம். விளம்பரம் முழுக்கக் காபிக் கொட்டைதான். கொட்டை உருள்கிறது, வறுபடுகிறது, அரைபடுகிறது. சிக்கரி என்ற சொல்லும் இல்லை, படமும் இல்லை. பேத்தியைச் சமையலறையிலிருந்து பாக்கெட்டை எடுத்துவரச் சொன்னேன். பின்பக்கம், பொடி எழுத்தில், காபி 53 சதவீதம், சிக்கரி 47 சதவீதம். சிக்கரி ஒரு செடியின் வேர். கலப்புத் தூளில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி, அளவைப் பாக்கெட்டில் அச்சிடவும் வேண்டும். கம்பெனி அதைச் செய்திருக்கிறது, சட்டப்படி குற்றமில்லை. ஆனால் ஏறக்குறைய பாதி வேராக இருக்கிற பொருளை 30 நொடியும் கொட்டையாகவே காட்டினால் அந்தப் படம் என்ன சொல்கிறது? வாயால் 'சுத்தமான காபி' என்று சொன்னால் கேள்வி வரும். கேமரா சொன்னால் கேட்பார் இல்லை.

இரண்டு நொடி மட்டும் திரைக்கு அடியில் ஒரு வரி வருகிறது, 'காட்சிகள் கற்பனையானவை' என்ற பொருளில். வெளிறிய சுவரின்மேல் வெள்ளை எழுத்து, அதுவும் ஆங்கிலத்தில். தமிழில் பேசி, தமிழில் பாடி, பொறுப்புத்துறப்பு மட்டும் ஆங்கிலம். 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டு நெறிமுறைகளில், விளம்பரத்தின் கூற்று எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் பொறுப்புத்துறப்பும் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஒரு நாள் மாலை உங்கள் நிருபர் ஒருவரைத் தமிழ்ச் சேனல்கள் முன்னால் உட்கார வைத்து, எத்தனை விளம்பரங்களில் அந்த வரி தமிழில் வருகிறது என்று எண்ணி வெளியிடுங்கள். இது என் முதல் வேண்டுகோள்.

இரண்டாவது, மாணவர் இணைப்பில் அந்தக் கட்டத்துக்குப் பதிலாக வாரம் ஒரு விளம்பரத்தை எடுத்துக்கொண்டு, கலரை அணைத்து, சத்தத்தை அணைத்து, கண்ணை மூடி என்று மூன்று விதமாகப் பிள்ளைகள் கண்டதை அவர்கள் கையாலேயே எழுதவைத்துப் போடுங்கள். ஒவ்வொன்றிலும் 'என்ன இருக்கிறது' என்பதோடு 'என்ன விடுபட்டிருக்கிறது' என்பதையும் கேளுங்கள்.

என் இரும்புப் பெட்டியில் இன்னும் நாலு துண்டு ஆரஞ்சு ஜெல், இரண்டு துண்டு நீலம், ஒரு பழைய மேக்ரோ லென்ஸ், அளவு டேப் இருக்கின்றன. கும்பகோணம் வட்டாரத்தில் எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் சனிக்கிழமைகளில் எடுத்துக்கொண்டு வருகிறேன். பணம் எதுவும் வேண்டாம். கிழக்குப் பார்த்த ஜன்னல் உள்ள ஒரு வகுப்பறை கிடைத்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உதவி ஒளிப்பதிவாளர்,
கும்பகோணம்.