சிவப்பு விளக்கு எரிந்தால் வேனை நிறுத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய ஃபோக்ஸ்வேகன் கேம்பர் வேன்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். ‘ரேடியேட்டர் கிடையாது, ஆகவே எஞ்சின் சூடேறும் கவலையும் கிடையாது’ என்ற வரிக்கு வந்ததும் படிப்பதை நிறுத்திவிட்டேன். அதே பேச்சை நம்பித்தான் நான் ஒரு நல்ல எஞ்சினை இழந்தேன்.

என்னுடையது, தண்ணீருக்குப் பதிலாக விசிறிக் காற்றால் குளிரும் 1600 சி.சி. எஞ்சின். எனக்கு முன்பு அதைப் பிரித்துக் கோத்தவர், சிலிண்டர்களைச் சுற்றி இருக்க வேண்டிய தகடுகளில் சிலவற்றைத் திரும்பப் பொருத்தவில்லை. எஞ்சின் அறையின் விளிம்பை அடைக்கும் ரப்பர் பட்டையும் இல்லை. திறந்து கிடந்தால் காற்று நன்றாகப் படும் என்று விளக்கம் சொன்னார்கள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஆனால் அந்த எஞ்சின் வேலை செய்யும் விதமே வேறு. விசிறி மேலிருந்து காற்றை இழுத்துத் தகட்டுக் கூட்டுக்குள் அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில்தான் காற்று, சிலிண்டரின் வெளிப்புறத்தில் நீட்டி நிற்கும் மெல்லிய விளிம்புகளான ஃபின்களின் இடுக்குகளில் புகுந்து, சூட்டை வாங்கிக்கொண்டு கீழே இறங்குகிறது. தகட்டில் ஓட்டை இருந்தால் காற்று அந்த வழியாகவே தப்பிவிடும். ரப்பர் இல்லாவிட்டால், கீழே போன சுடுகாற்று மேலே ஏறி மறுபடியும் விசிறிக்குள் நுழையும்.

ஒரு நீண்ட ஏற்றத்தில் அது எனக்குப் புரிந்தது. கியரைக் குறைக்காமல் நாலாவதிலேயே முக்க வைத்து ஏற்றினேன். எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். சூடோ உச்சத்தில் இருக்கும். மூன்றாவதில் போயிருக்க வேண்டும். உச்சியை எட்டுவதற்குள் இழுவை போய்விட்டது. பிரித்துப் பார்த்தபோது மூன்றாம் சிலிண்டரில், எரிந்த வாயுவை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு கருகியிருந்தது.

மூன்றாம் சிலிண்டர் என்றதும் விவரம் தெரிந்தவர்கள் தலையசைப்பார்கள். பழைய அமைப்பில், எஞ்சின் ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலர் அதற்கு நேர் மேலே நிற்கிறது. கூலரைக் கடந்து சூடேறிய காற்றுதான் அந்தச் சிலிண்டருக்குக் கிடைக்கும். 1971 மாடலிலிருந்து கூலரைத் தனிக் கூட்டுக்குள் நகர்த்தி, அதன் காற்று வெளியேறத் தனி வழியும் வைத்தார்கள்.

இப்போது 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு, வால்வின் முனைக்கும் அதை அழுத்தித் திறக்கும் கைக்கும் நடுவே உள்ள வால்வு இடைவெளியை நானே பார்க்கிறேன். என் எஞ்சினுக்கு 0.15 மில்லிமீட்டர். வால்வு தன் இருக்கையில் அழுந்தி உட்காரும்போதுதான் அதன் சூடு, சிலிண்டரை மூடியிருக்கும் ஹெட்டுக்கு இறங்குகிறது. இடைவெளி அடைபட்டால் வால்வு சரியாக மூடாது, கருகிவிடும். ஆயிலையும் அன்றே மாற்றிவிடுவேன். மொத்தமே இரண்டரை லிட்டர்தான் பிடிக்கும். உயவு வேலையோடு குளிர்விக்கும் வேலையிலும் அதற்குப் பெரும் பங்கு உண்டு. தீப்பொறி விழும் நேரமான டைமிங் தப்பினாலும், எஞ்சினுக்குள் கலவையைக் கொண்டுபோகும் இன்டேக் குழாயில் காற்று கசிந்து பெட்ரோல் கலவை மெலிந்தாலும் சூடு கூடும்.

பலர் கூடுதல் ஆயில் கூலர் வாங்கி மாட்டுகிறார்கள். விடுபட்ட தகட்டையும் ரப்பரையும் தேடிப் பொருத்தாமல் அதற்குச் செலவழிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆயில் குளிர்வதால் மட்டும் சிலிண்டர் ஹெட் குளிர்ந்துவிடாது.

உங்கள் கட்டுரை தொடாத இன்னொன்றுதான் எல்லாவற்றிலும் அவசரமானது. இந்த எஞ்சினில் விசிறி, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஜெனரேட்டரின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. இரண்டையும் ஒரே பெல்ட் சுழற்றுகிறது. பெல்ட் அறுந்தால் டாஷ்போர்டில் சிவப்பு சார்ஜ் விளக்கு எரியும். பேட்டரிக் கோளாறுதானே, வீடு வரை ஓட்டிவிடலாம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்த நொடியில் விசிறியும் நின்றுபோயிருக்கிறது. உடனே ஓரம் கட்டி எஞ்சினை அணைக்க வேண்டும். மாற்று பெல்ட்டும் அதற்கான ஸ்பேனரும் என் இருக்கைக்கு அடியில் எப்போதும் இருக்கும். 1972 முதல் சில வேன்களில் வந்த பெரிய எஞ்சினில் விசிறி நேராக எஞ்சினின் முதன்மை அச்சான கிராங்க் ஷாஃப்டில் இருப்பதால், அந்த வேன்களுக்கு இந்த ஆபத்து இல்லை.

கட்டுரையைப் படித்துவிட்டு யாரேனும் இப்படியொரு வேனை வாங்கப் புறப்பட்டிருக்கலாம். அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறும், சிவப்பு விளக்கைப் பற்றி இரண்டு வரியாவது அதில் சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய வேன் ஒன்றின் உரிமையாளர்