செயலாளர் அறிக்கை 2024–25: ஆறு பழைய சைக்கிள்களும் எட்டு டயர்களும்

நம் சைக்கிள் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

உறுப்பினர் எண்ணிக்கை இப்போது 23. மாதக் கூட்டம் பதினொன்று நடந்தது. நவம்பர் கூட்டம் மழையில் நின்றுபோனது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அதில் ‘டயர் வகையில் நட்டம்’ என்று ஒரு வரி வரும். அதற்குப் பொறுப்பு நான்தான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

புதுச் சைக்கிளுக்குப் பணம் திரட்டுவதை விட்டுவிட்டு, பரணில் கிடக்கும் பழைய ஸ்டீல் ரேஸ் சைக்கிள்களை, அதாவது அந்த ஆட்டுக்கொம்பு ஹேண்டில்பார் வண்டிகளை, நெடுந்தூரத்துக்கும் கண்மாய்க்கரை, உப்பளப் பாதைகளுக்கும் ஏற்றபடி மாற்றுவது என்று கடந்த பொதுக்குழுவில் முடிவு செய்தோம். ஆறு வண்டிகள் வந்தன. ஐந்தில் 27 இன்ச் சக்கரம். பழைய டயர்கள் தொட்டாலே உதிர்ந்தன. நான் எட்டு டயர் வாங்கிவந்தேன். அட்டையில் 28 என்று போட்டிருந்தது. 27-ஐவிட 28 பெரியதுதானே, தாராளமாக ஏறும் என்று நினைத்துவிட்டேன். ஒன்றுகூட ஏறவில்லை. நெம்பியதில் டயர் லீவர் உடைந்ததுதான் மிச்சம்.

கீழக்கரையில் சைக்கிள் கடை வைத்திருந்த பாய் வந்து பார்த்துச் சிரித்தார். “தம்பி, பெரிய எழுத்தைப் படிக்காதீங்க, பக்கத்துல சின்னதா இருக்கிற நம்பரைப் படிங்க” என்றார். படித்தேன். நான் வாங்கியது 35-622. அதாவது அகலம் 35 மி.மீ., ரிம்மில் உட்காரும் விட்டம் 622 மி.மீ. 27 இன்ச் ரிம்முக்கு அந்த விட்டம் 630. பெயரில் 28, உள்ளே 27-ஐவிடச் சின்னது. அதே 28 என்ற பெயரில் ஓடும் நம் ஊர்ப் பால்காரர் சைக்கிளுக்கோ 635. இதற்குமேல் ஒரு மனிதனைக் குழப்ப முடியாது. ஆனாலும் அளந்து பார்க்காமல் வாங்கியது என் தப்பு.

அந்தத் தப்பில் ஒரு நன்மையும் வந்தது. மூன்று வண்டிகளுக்கு, சக்கரத்தின் நடுவிலுள்ள பழைய ஹப்பையே வைத்து, 622 அலாய் ரிம் போட்டு, புதிதாகக் கம்பி பின்னினோம். ரிம்மின் விளிம்பு 4 மி.மீ. உள்ளே போகிறது. பிரேக் கட்டையை, பிரேக் கையிலுள்ள காடியில் அந்த 4 மி.மீ. கீழே இறக்கினால் போதும். மூன்றிலும் இடம் இருந்தது. ஃபோர்க்கிலும் அதே அளவு இடைவெளி கூடியதால் 35 டயர் சிக்காமல் சுற்றுகிறது. பழைய குரோம் ரிம் நனைந்தால் பிரேக் பிடிக்குமா பிடிக்காதா என்பது கடவுளுக்கே வெளிச்சம். அலாய் ரிம் மழையிலும் நிற்கிறது. எட்டில் ஆறு டயர் இப்படிச் செலவானது.

தேவிபட்டினம் உறுப்பினர் ஒருவர் மட்டும் இன்னும் சின்னதான 584 சக்கரத்துக்குப் போனார். பாதி பேர் சிரித்தார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள்: 622 ரிம்மில் 25 டயர் போட்டால் அச்சிலிருந்து தரை 336 மி.மீ.; 584 ரிம்மில் 42 டயர் போட்டால் 334. உயரம் ஏறக்குறைய அதேதான், காற்று மட்டும் ஏராளம். சிக்கல் பிரேக்கில். 622 ரிம்முக்கு இருப்பதைவிடக் கட்டை 19 மி.மீ. கீழே இறங்க வேண்டும், அவ்வளவு நீளக் கை உள்ள பிரேக் தேடி அவர் நாலு மாதம் அலைந்தார். வாலிநோக்கம் உப்பளப் பாதையில் எங்கள் எல்லோரையும் அவர்தான் முந்தினார் என்பதையும் பதிவு செய்கிறேன். சேதுக்கரை மணலில் மட்டும் அவரும் இறங்கித் தள்ளினார். அந்த மணலுக்கு எங்களிடம் இருந்த எந்த டயரும் பதில் இல்லை.

பின்பக்க ஃபோர்க்கை விரித்தது பற்றிப் பலர் கேட்கிறீர்கள். பழைய ஆறு கியர் வண்டிக்கு உள் அகலம் 126 மி.மீ., இப்போது கிடைக்கும் ஹப்புக்கு 130. பக்கத்துக்கு 2 மி.மீ. விரிக்க வேண்டும். ஸ்டீல் என்பதால் முடியும். அலுமினியம், கார்பன் ஃபிரேமில் யாரும் கை வைக்க வேண்டாம். லேத் பட்டறையில் மரைக்கம்பியும் நட்டும் வைத்து விரித்தோம். ஸ்டீல் திரும்பிச் சுருங்கும், ஆகவே தேவைக்கு மேலேயே விரித்து விட வேண்டும். முதல் வண்டியில் இடதுபக்கம் மட்டும் வளைந்தது. முன்கழுத்திலிருந்து பின் அச்சு வரை நூல் கட்டி, சீட் குழாயிலிருந்து இருபக்கமும் அளந்தபோதுதான் தெரிந்தது. மறுபடி நிமிர்த்தினோம்.

ஆறாவது வண்டி ஒரு உறுப்பினரின் அப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. அதன் சீட் போஸ்ட் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது. ஸ்டீல் குழாய்க்குள் அலுமினியக் குழாய், நடுவில் உப்புக்காற்றின் ஈரம். அலுமினியம் வெள்ளைத் தூளாகப் பூத்து இறுகிவிட்டது. எண்ணெய் ஊற்றி மூன்று நாள் வைத்தோம், அசையவில்லை. கடைசியில் மேலே அறுத்துவிட்டு, ஹாக்ஸா பிளேடை உள்ளே விட்டு நீளவாக்கில் கீறி, சுருட்டி எடுத்தோம். இப்போது ஒரே விதி: மாதம் ஒருமுறை சீட் போஸ்ட்டைக் கழற்றிக் கிரீஸ் போட வேண்டும். துருப்பிடிக்காமல் இருக்கக் குழாய்களுக்குள் ஆளிவிதை எண்ணெய் விட்டுக் காயவைத்திருக்கிறோம். தனுஷ்கோடி போய்வந்தால் அன்றே நல்ல தண்ணீரில் துடைக்க வேண்டும். “குடிக்கத் தண்ணிக்கு வரிசையில நிக்கிறோம், உங்க சைக்கிளுக்குக் குளியல் கேக்குதா?” என்று என் வீட்டில் கேட்டார்கள். நியாயம்தான். அரை வாளியும் ஈரத்துணியும் போதும்.

முள் விஷயம். சீமைக் கருவேல முள் நுனி ஒடிந்து டயருக்குள்ளேயே நின்று, புது டியூபையும் குத்தும். கையால் தடவினால் அகப்படாது, விரல்தான் கிழியும். பஞ்சை உள்ளே ஓட்டினால் முள்ளில் சிக்கி நிற்கும். பழைய டியூபைக் கீறி உள்பட்டையாகப் போட்டவர்களுக்குப் பஞ்சர் குறைந்தது. ஆனால் பட்டையின் முனையைச் சீவாமல் விட்டால் அதுவே டியூபை அரிக்கும்.

பயணங்கள் இரண்டைச் சொன்னால் போதும். ஜனவரியில் ராமநாதபுரத்திலிருந்து அரிச்சல்முனை, போகவர சுமார் 150 கி.மீ. ஏற்றம் என்று பாம்பன் பாலம் ஒன்றுதான். ரயில் பாலத்தைப் படம்பிடிக்க நடுப்பாலத்தில் காரை நிறுத்துகிறவர்கள்தான் அங்கே பெரிய இடைஞ்சல். ஜூலையில் தொண்டி, சாயல்குடி சேர்த்து 200 கி.மீ. உலகெங்கும் இந்தத் தூரத்துக்கு வைக்கும் 13 மணி 30 நிமிடக் கெடுவையே நாமும் வைத்தோம். கச்சான் காற்று முகத்தில் அடிக்க, சாயல்குடிப் பக்கம் முன்னாலுள்ள பெரிய பல்சக்கரத்தை யாரும் தொடவே இல்லை. ஒன்பது பேர் கிளம்பி ஆறு பேர் நேரத்துக்குள் முடித்தோம். இனி பின்சக்கரத்தின் மிகப் பெரிய பல்சக்கரத்தை 28 பல்லுக்குக் குறைவாக யாரும் போட வேண்டாம் என்பது என் கருத்து. 32 கிடைத்தால் இன்னும் நல்லது.

கீழக்கரை பாய் இந்த ஆண்டு கடையை மூடிவிட்டார். சக்கரத்தின் கோட்டம் எடுக்கும் ஸ்டாண்டையும் ஃப்ரீவீல் கழற்றும் சாவிகளையும் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார். காசு வாங்க மறுத்தார். நன்றியுடன் பதிவு செய்கிறோம்.

மிச்சம் இரண்டு டயர், 35-622, என் வீட்டில் இருக்கின்றன. பாதி விலைக்குத் தரலாம் என்று செயற்குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. வேண்டுபவர்கள் முதலில் ரிம்மை அளந்துவிட்டு வரவும்.

இப்படிக்கு,
செயலாளர்