ஊசி பற்றிய சந்தேகத்தை எங்களிடம் கேளுங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் புதன்கிழமை 10 வயதும் 16 வயதும் ஆன பிள்ளைகளுக்கு ரணஜன்னி (டெட்டனஸ்), தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) தடுப்பூசி போட ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து செவிலியர்கள் வருகிறார்கள். சுற்றறிக்கை வீட்டுக்கு வந்த மறுநாளே வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்ற ஆரம்பித்துவிட்டது. ஊசி போட்ட பிள்ளைகள் வரிசையாக மயங்கி விழுந்தார்களாம். எந்த ஊர், எந்தப் பள்ளி, எப்போது என்று பேசியவர் சொல்லவே இல்லை. அதைக் கேட்டே பலர் 'என் பிள்ளைக்கு வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.

2017 பிப்ரவரி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போட்டார்கள். அப்போதும் இப்படித்தான் வதந்தி பரவியது. பயந்துபோய்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாதவர்கள் உண்டு. பிப்ரவரியில் முடியவேண்டிய முகாமை மார்ச்சுக்கும் நீட்டித்தார்கள். கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தால் வயிற்றிலுள்ள குழந்தையின் கண், காது, இதயம் எல்லாம் பாதிக்கப்படலாம். அந்தச் செய்தியை யாரும் அவ்வளவு வேகமாகப் பரப்பவில்லை.

மயக்கம் பற்றிச் சொல்கிறேன். ஊசியைப் பார்த்த பயத்திலேயே சில பிள்ளைகளுக்கு ரத்த அழுத்தம் சட்டென்று குறைந்து தலை சுற்றும். ஒரு பிள்ளை சாய்ந்தால் வரிசையில் நிற்கும் மற்ற பிள்ளைகளுக்கும் பயம் தொற்றிக்கொள்ளும். படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்திப் பிடித்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தெளிந்துவிடும். கடுமையான ஒவ்வாமை மிக அரிது. அதற்காகத்தான் ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் உட்காரவைக்கிறோம். செவிலியரிடம் அதற்கான மருந்தும் இருக்கும். கை வலி, லேசான காய்ச்சல் ஓரிரு நாள் இருக்கலாம்.

இன்னொன்றை மன்றாடிக் கேட்கிறேன். போன முறை மயங்கிய ஒரு மாணவியின் படத்தை யாரோ குழுவில் போட்டுவிட்டார்கள். ஆளாளுக்குக் கருத்துச் சொன்னார்கள். அந்தப் பிள்ளை அப்புறம் வகுப்புக்கு வரவே கூசினாள். எந்தப் பிள்ளையின் படத்தையும் உடல்நிலையையும் தயவுசெய்து பகிராதீர்கள்.

பயம் வருவது இயல்பு, கேள்வி கேட்பது உங்கள் உரிமை. திங்கள் மாலை 4 மணிக்கு மருத்துவ அலுவலர் பள்ளிக்கு வருகிறார். மறுத்து எழுதியவர்களும் அவசியம் வாருங்கள். கேட்ட பிறகும் வேண்டாம் என்றால் சரி, யாரும் வற்புறுத்த மாட்டோம். வர முடியாதவர்கள் 104 என்ற அரசு மருத்துவ ஆலோசனை எண்ணில் கேட்கலாம். முன்பு ஏதாவது ஊசியோ மருந்தோ பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புதன் காலை பிள்ளைகளைச் சாப்பிடவைத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்