பூம்பாறைத் தனத்துக்கு

தலைக்குந்தா
டிசம்பர் 19

அன்புள்ள தனம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தையில் நடுகிற நீர்போகத்துக்கு விதை உருளைக்கிழங்கு பொறுக்குகிற வேலை முடியட்டும் என்று இருந்துவிட்டேன். அம்மா நன்றாக இருக்கிறாள், முழங்கால்தான் இந்தக் குளிருக்கு மடங்க மாட்டேன் என்கிறது. பெரியவனுக்குக் கோவையில் வேலை அமைந்துவிட்டது.

விதைக்கிழங்கு வைக்கிற அறை ராத்திரி உறைந்துபோகாமல் எப்படிக் காப்பது என்று கேட்டிருந்தாயே, அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு விஷயம். மேல்தோட்டத்து அறையில் ராத்திரி கணப்புச் சட்டி வைத்துவிட்டு ஆளும் அங்கேயே படுத்துக்கொள்ளலாம் என்று அண்ணன் சொல்வதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம் தனம், சாமி சத்தியமாக வேண்டாம். சாத்திய அறையில் கரி எரிந்தால் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, கண்ணும் எரியாது. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். உங்கள் கொடைக்கானல் மலையிலும் எங்கள் நீலகிரியிலும் குளிருக்குக் கரி மூட்டிப் படுத்துச் செத்தவர்கள் உண்டு. இதை அண்ணனிடம் இன்றைக்கே படித்துக் காட்டு.

சரி, அறைக்கு வருகிறேன். எங்கள் தோட்டம் பள்ளத்தில் இருப்பது உனக்குத் தெரியும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கி இங்கேதான் வந்து தேங்கும். கரண்டுக் கம்பம் வராத இடம். போன வருஷம் எட்டடிக்கு எட்டடியில் பலகை அடித்து, மேலே தகரம் போட்டு, குஃப்ரி ஜோதி ரக உருளைக்கிழங்கு விதையை அடுக்கினோம். சோலார் பேனல், 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி, இன்வெர்ட்டர் எல்லாம் இருக்கிறதே என்று 400 வாட் ஹீட்டரும் வாங்கி வைத்தோம். பதினோரு மணிக்குப் போட்டோம். ஒரு மணிக்கெல்லாம் இன்வெர்ட்டர் கத்தி நின்றுவிட்டது.

காலையில் பார்த்தால் கிழங்குக்கு ஒன்றும் ஆகாத மாதிரிதான் இருந்தது. கல் போல இருந்தது, தட்டினால் டொக்கென்றது. வெயில் ஏற ஏறத் தோல் ஈரமானது. ஒன்றை எடுத்து அழுத்தினேன், விரலிடுக்கில் தண்ணீராக வழிந்தது. நறுக்கினால் உள்ளே சாம்பல் நிறம். மூன்றாம் நாள் அந்த நாற்றத்தில் கொட்டகைப் பக்கம் போக முடியவில்லை. பதினாறு மூட்டை, தனம். அம்மா அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பேட்டரியில் இருந்ததே 1.8 யூனிட். அதிலும் பாதிக்கு மேல் எடுத்தால் பேட்டரி கெட்டுப்போகும். அந்தப் பலகை அறையோ, வெளியைவிட ஐந்து டிகிரி சூடாக இருக்க வேண்டுமென்றால் விடாமல் 500 வாட் கேட்கும். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறோம்.

இந்த வருஷம் முதல் காசு தெர்மாகோலுக்குப் போனது. நாலு சுவர், கதவு, முக்கியமாகக் கூரைக்கு அடியில், எல்லா இடத்திலும் இரண்டு அங்குலம். கூரையை விட்டுவிடாதே. மேகமில்லாத ராத்திரியில் தகரம் தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டுச் சுற்றியிருக்கிற காற்றையும்விடக் குளிர்ந்துபோகும். காற்று இரண்டு, மூன்று டிகிரி காட்டும்போதே புல் வெளுத்துக் கிடப்பதும் இதனால்தான். தெர்மாகோலை அப்படியே விட்டால் எலி கடிக்கும், தீயும் சட்டென்று பிடிக்கும். மேலே சிமெண்ட் ஷீட் அடித்துவிடு. பலகை இடுக்கு, கதவடி எல்லாவற்றையும் அடைத்தோம். இப்போது அதே அறைக்கு நூறு வாட் போதும்.

அந்த நூறையும் நான் பேட்டரியிலிருந்து எடுப்பதில்லை. தெற்குச் சுவரில் மூன்றுக்கு நாலு கண்ணாடி ஜன்னல் வைத்து, அதற்குப் பின்னால் 200 லிட்டர் டிரம் ஒன்றைக் கறுப்பு அடித்து, தண்ணீர் நிரப்பி நிறுத்தியிருக்கிறேன். மார்கழி, தை வெயில் தெற்கே சாய்ந்து நேராக அதன்மேல் விழும். மத்தியானம் பேட்டரி நிறைந்த பிறகு பேனலில் மிஞ்சுகிற கரண்டையும் டிரம்முக்குள் இருக்கிற ஹீட்டர் ராடுக்குத் திருப்பிவிடுகிறோம். வெயில் சாய்ந்ததும் ஜன்னலைத் தெர்மாகோல் பலகையால் மூடிவிட வேண்டும். சாயங்காலம் 12 டிகிரியில் இருக்கிற தண்ணீர் விடியும்போது 4 டிகிரிக்கு இறங்குகிறது என்று வை. அதற்குள் கிட்டத்தட்ட 1.9 யூனிட் சூட்டை அறைக்குக் கொடுத்திருக்கும். அந்தப் பழைய பேட்டரி இரண்டு சேர்ந்தால்தான் அவ்வளவு. டிரம் விலை என்ன, பேட்டரி விலை என்ன!

எனக்கு இதில் மனசு நிறைகிற விஷயம் ஒன்று இருக்கிறது. நம் ஊரில் உறைபனி விழுகிற ராத்திரிக்கு முந்தின பகல் பெரும்பாலும் சுள்ளென்று வெயில் அடித்த பகல்தான். மூடுபனி கவிந்த நாளில் பேனல் வேலை செய்யாது, ஆனால் அன்றைக்கு உறைபனியும் இராது. மேகம் சூட்டைப் போர்த்தி வைத்துவிடும். எந்த ராத்திரிக்குச் சூடு வேண்டுமோ, அதற்கு முன்னாலேயே வெயில் வந்து கொடுத்துவிட்டுப் போகிறது.

பேட்டரியை இப்போது லித்தியத்துக்கு மாற்றிவிட்டோம். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் உள்ளே கெட்டுப்போகும், அதனால் அதுவும் கிழங்கோடு அறைக்குள்தான், ஒரு பலகைமேல். அவசரத்துக்கு 60 வாட் ஹீட்டர் ஒன்று, மூன்று டிகிரிக்குக் கீழே போனால் தானே அதைப் போட்டுவிடுகிற தெர்மோஸ்டாட்டோடு இருக்கிறது. ராத்திரி முழுக்க எரிந்தாலும் 0.7 யூனிட்தான். தெர்மோஸ்டாட் முனையை முதலில் கண் உயரத்தில் கட்டியிருந்தோம். அங்கே ஐந்து காட்டியபோது தரையோரம் இரண்டு. இப்போது கீழ்த்தட்டுக் கிழங்குக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அறையை ஒரேயடியாக அடைத்தும் வைக்காதே. கிழங்கு மூச்சு விடும், கூரையில் நீர் கோக்கும். மத்தியானம் அரைமணி கதவைத் திறந்து வை.

நேற்று விடியற்காலை ஐந்தரைக்கு டார்ச்சோடு போனேன். காலடியில் புல் மொறுமொறுத்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது நீ வேண்டுமென்றே வெள்ளைப் புல்லாகத் தேடி மிதிப்பாயே, அந்தச் சத்தம். வாளித் தண்ணீரில் மேலே கண்ணாடி மாதிரி ஏடு. கீழ்வீட்டுத் தேயிலை நுனியெல்லாம் வெளுத்திருந்தது, பத்து மணிக்குள் கருகியிருக்கும். ஊட்டி பூங்காவில் நாற்றுகளைக் கோத்தகிரி மிலார் செடி போட்டு மூடிவிட்டார்களாம். வெளியே கம்பத்தில் கட்டிய மீட்டர் மைனஸ் ஒன்று. கதவைத் திறந்தால் மண்வாசனையோடு இதமான காற்று முகத்தில் பட்டது. தரையோரம் நாலரை. ஹீட்டர் எரியவே இல்லை. அம்மாவைக் கைபிடித்துக் கூட்டிவந்து காட்டினேன். ஒரு கிழங்கை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

உங்கள் அறைக்குப் பேனல் வாங்க அவசரப்படாதே. இதோடு ஒரு தெர்மாமீட்டர் அனுப்பியிருக்கிறேன். அறைக்குள் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கட்டி, ஒரு வாரம் விடியற்காலை ஐந்து மணிக்குப் பார்த்து எண்ணை எழுதி அனுப்பு. தெற்குப் பக்கம் மரம் ஏதாவது நிழல் கட்டுகிறதா என்றும் எழுது.

உன்,
சரசு