பெட்டி இல்லாத பேட்டரி

அன்புள்ள முதலாளி,

இங்கே எல்லோரும் நலம். நீ நலமாக இல்லையென்றால் இந்நேரம் புலம்பல் வந்து சேர்ந்திருக்கும், அதனால் கேட்கவில்லை. ஸ்பார்க் அண்ணனுக்கு மறுபடியும் இடமாற்றமாமே? பாவம் அந்த ஆபீஸ். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் மின்சார சைக்கிளுக்கு பேட்டரி முடிவாகிவிட்டது. பெட்டி இல்லாதது. செல்களைச் சேர்த்து வெல்ட் பண்ணி, மேலே, சூடுபட்டால் சுருங்கும் நீல ஷ்ரிங்க் உறையைச் சுருக்கித் தருவார்களே, அதேதான். நீ இப்போது கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கத்தப் போகிறாய். கத்திவிட்டு வா. ஆனால் முழுசாகப் படி. உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன், அதுவும் அவசர வேலை.

என் சைக்கிளின் சட்டத்தை (ஃபிரேமை) நீ பார்த்திருக்கிறாய். மேல்குழாய் சரிந்து இறங்குகிறது, நடு முக்கோணம் சின்னது. ஆயத்தமாகக் கிடைக்கும் நீளப் பெட்டிகள் எல்லாம் கீழ்க்குழாயில் ஒரு தண்டவாளத்தைத் திருகி, அதன்மேல் வழுக்கி உட்காருகிற ரகம். உட்கார இடம் இருக்கிறது. கழற்றும்போது மேலே கொஞ்சம் உருவ வேண்டுமே, அந்தக் கொஞ்சம்தான் இல்லை. கேரியரில் வை என்பாய். நாலு கிலோவைப் பின்னால் உயரத்தில் கட்டிக்கொண்டு ஓட்டினால் வண்டி எப்படி வாலாட்டும் என்று ஸ்பார்க் அண்ணன் நம் இருவருக்கும் ஏற்கெனவே காட்டிவிட்டார்.

அதனால் ஓர் அட்டையை முக்கோணத்துக்குச் சரியாக வெட்டி, அதன்மேல் வட்டம் வட்டமாக வரைந்தேன். நான் போடுவது 21700 என்ற அளவு உருளைச் செல், அதன் விட்டம் 21 மி.மீ.; பிளாஸ்டிக் ஹோல்டரையும் சேர்த்து 23 என்று வைத்துக்கொண்டேன். 52 வட்டங்கள் அடங்கின, ஓரமாக, செல்களைக் கண்காணித்துக் காக்கும் சர்க்யூட்டான பிஎம்எஸ்ஸுக்கு ஒரு பட்டை இடமும் மிஞ்சியது. சீரிஸில் (தொடராக) 13 குழு, குழுவுக்குள் பேரலலில் (இணையாக) 4 செல். செல்லின் நீளம் 70 மி.மீ. என்பதால் குறுக்காகப் படுக்கவைத்தால் பஞ்சு, தகடு எல்லாம் சேர்ந்தும் எட்டரை செ.மீ. போலத்தான் வரும். அட்டையைச் சட்டத்தில் ஒட்டி, இரண்டு பக்கமும் அதே தடிமனுக்குத் தெர்மோகோல் வைத்து மிதித்துப் பார்த்தேன். முழங்கால் படவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்த பார்வையைத்தான் விவரிக்க முடியாது.

13 ஏன், 14 போடலாமே என்று ஆரம்பிக்காதே. 14 போட்டால் வரும் 52 வோல்ட் மேல் உனக்குள்ள மோகம் தெரிந்ததுதான். மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் என் கன்ட்ரோலர் 48 வோல்ட்காரன். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் 63 வோல்ட் தாங்குபவை. 14 செல் முழுசாக ஏறினால் 58.8. தாங்கும், ஆனால் எல்லையில் நின்றுகொண்டு தாங்கும். 13 என்றால் 54.6-இல் நின்றுவிடுகிறது. கொஞ்சம் வேகம் குறையும். நான் யாரைத் துரத்தப் போகிறேன்?

செல் சாம்சங் 50இ. இதை முடிவு பண்ணுவதற்குள் தலை சுற்றிவிட்டது. முதலில் விசாரித்த ஒருவர், "60 ஆம்பியர் பேக் சார்" என்றார். என்ன செல் என்றால், "ஏ கிரேடு". என்ன கம்பெனி, என்ன மாடல் என்றால், மறுபடியும் "ஏ கிரேடு". அந்த 60 என்பது பிஎம்எஸ்ஸின் மேல் அச்சடித்த எண். செல்லுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 4 பேரலலில் 60 ஆம்பியர் இழுத்தால் ஒரு செல்லுக்கு 15 ஆகிறது. 50இ தொடர்ந்து தரக்கூடியதே 9.8தான். பிஎம்எஸ் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும், செல் வெந்துகொண்டிருக்கும். என் கன்ட்ரோலர் அதிகபட்சம் 25 இழுக்கும், அதாவது செல்லுக்கு ஆறே கால். அந்த இடைவெளிதான் எனக்கு வேண்டும். பெட்டி இல்லாத பேக்கைப் பஞ்சிலும் பையிலும் பொதிந்து வைக்கப் போகிறோம். சூடு வெளியே போக வழியில்லை. அப்போது சூடே வராமல் பார்த்துக்கொள்வதுதான் புத்தி. கொள்ளளவு 900 வாட்-மணிக்கு மேல். கிலோமீட்டருக்கு 15 வாட்-மணி என்று தாராளமாகப் போட்டாலும் 60 கி.மீ. வருகிறது. போதும்.

எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல் போடு என்ற உன் உபதேசத்தையும் மறக்கவில்லை. அது எளிதில் பற்றிக்கொள்ளாது, ஆயுளும் அதிகம், எல்லாம் சரி. ஆனால் செல்லுக்கு 3.2 வோல்ட்தான். 16 சீரிஸ் போட்டு இதே ஆற்றலைக் கொண்டுவந்தால் எடை கிட்டத்தட்ட இரட்டிப்பு; அந்த முக்கோணத்தில் பாதிகூட அடங்காது. இடம் இருந்திருந்தால் உன் பேச்சைத்தான் கேட்டிருப்பேன். இதை எழுத்தில் தந்திருக்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள்.

இனிதான் விஷயமே. ஷ்ரிங்க் போட்ட பிறகு எல்லாப் பேக்கும் ஒன்றுதான், நீலச் சட்டை மாட்டிய செங்கல் மாதிரி. உள்ளே கைவேலையா கைங்கரியமா என்று வெளியிலிருந்து தெரியவே தெரியாது. பெட்டி உள்ள பேக்கில் உள்வேலை சுமாராக இருந்தாலும் பெட்டி கொஞ்சம் அடியை வாங்கிக்கொள்ளும். இதில் குழியில் சக்கரம் இறங்கினால் அந்த உதறல் நேராகச் செல்லுக்கும் வெல்டுக்கும்தான் போகும். அதனால் நான் தேர்ந்தெடுத்த ஆளிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: சுருக்குவதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து அனுப்ப வேண்டும். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை சார்" என்றார். ஆனால் மறுக்கவில்லை. பிடித்துப்போய்விட்டது.

படங்களைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பிளஸ் முனையைத்தான் முதலில். செல்லின் உடல் முழுக்க மைனஸ். மேலே பிளஸ் மூடியைச் சுற்றி இருக்கும் விளிம்பும் மைனஸ்தான். இரண்டுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் உறை, அவ்வளவுதான் காவல். நிக்கல் பட்டை அந்த விளிம்பைத் தாண்டித்தான் அடுத்த செல்லுக்குப் போகிறது. ஓடும் வண்டியின் நடுக்கத்தில் பட்டை அந்த உறையை அராவிவிட்டால் அந்த இடத்திலேயே ஷார்ட். அதற்காகத்தான் பார்லி பேப்பர் (மின்காப்புத் தாள்) வளையம். 52-லும் இருக்கிறது, எண்ணிவிட்டேன். செல்களை ஒன்றோடொன்று பசை போட்டு ஒட்டாமல் ஹோல்டரில் நிறுத்தியிருக்கிறார், அதுவும் நல்லது. நிக்கல் அசலா, இரும்புக்கு நிக்கல் பூச்சா என்பது படத்தில் தெரியாது. ஒரு துண்டு அனுப்பச் சொன்னேன். சுரண்டி உப்புத் தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறேன், இதுவரை துருவில்லை. வீட்டில் அதை யாரோ கொட்டிவிடாமல் காவல் காப்பதுதான் பெரிய வேலை.

எல்லாம் திருப்தி, ஒன்றைத் தவிர. பேலன்ஸ் வயர்கள், அதாவது ஒவ்வொரு குழுவின் வோல்ட்டையும் பிஎம்எஸ்ஸுக்குக் காட்டுபவை. 13 சீரிஸுக்கு 14 வயர், நூல் மாதிரி மெல்லிசு. அவற்றில் நாலைந்தைச் சேர்த்துக் கட்டி, நடுக் குழுவின் நிக்கல் பட்டைக்கு மேலேயே குறுக்காகக் கொண்டுபோயிருக்கிறார். அடியில் மஞ்சள் காப்டன் டேப் ஒரு சுற்று. காப்டன் சூட்டைத் தாங்கும், உரசலைத் தாங்காது. கூரான ஓரம் பட்டால் கிழிந்துவிடும். வெல்ட் பண்ணின இடத்தில் சின்ன முள் போல ஒன்று நிமிர்ந்து நிற்பதாக வேறு எனக்குத் தெரிகிறது. அது நிழலா முள்ளா என்று சொல்ல முடியவில்லை. அதன்மேல் ஷ்ரிங்க் இறுக்கினால் வயர் அந்த முள்ளின் மேல் ஆயுள் முழுக்க அழுந்திக்கொண்டே இருக்கும். "ஒண்ணும் ஆகாது சார்" என்கிறார். இருக்கலாம். எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஏன் இவ்வளவு பயம் என்று கேட்பாய். அப்பா கேட்டதால்தான். எல்லாக் கணக்கையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "இது ராத்திரி எங்கே இருக்கும்?" என்னிடம் பதில் இல்லை. நான் அதுவரை தூரத்தையும் எடையையும்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு செல் உள்ளுக்குள் கட்டுமீறிச் சூடேற ஆரம்பித்தால் அதை நிறுத்த முடியாது. தீயணைக்கும் பவுடர் சிலிண்டர் பிழம்பை அடக்கும். சூட்டை எடுக்காது, பக்கத்துச் செல் மறுபடி பிடிக்கும். ஏராளமான தண்ணீர் வேண்டும், வீட்டுக்குள் அதற்கெல்லாம் நேரம் கிடைக்காது. வெளியே ஓடத்தான் வேண்டும், அப்பாவால் ஓட முடியாது. பெட்டி இருந்தாலும் அது தீயைத் தடுக்காது. ஆனால் பெட்டியைச் சட்டென்று கழற்றி வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாம். என்னுடையதைப் பையிலிருந்து அவிழ்க்கவே நேரம் ஆகும். ஆகவே சைக்கிள் வெளி வராந்தாவில்தான் நிற்கும், சார்ஜும் அங்கேதான், நான் விழித்திருக்கும்போது மட்டும். வாசல் வழியை மறைக்காத மூலை. சார்ஜரை 53.3 வோல்ட்டுக்குக் குறைத்து வைக்கப் போகிறேன், செல்லுக்கு 4.1. பிஎம்எஸ் செல் குழுக்களைச் சமப்படுத்துவது உச்சத்துக்குப் பக்கத்தில்தான் என்பதால் எப்போதாவது ஒருமுறை முழுசாக ஏற்றிக்கொள்வேன். அப்பாவுக்குச் சம்மதம். அம்மாவுக்கு சைக்கிளே சம்மதமில்லை, அது வேறு கதை.

பொருத்துவதற்கு இரண்டு பக்கமும் பாலிகார்பனேட் தகடு, உள்ளே ஈவிஏ பஞ்சு, அப்புறம்தான் பை. வயர் வெளிவரும் முனை கீழ்நோக்கி, வயரை ஒரு வளைவு தொங்கவிட்டுத்தான் மேலே கொண்டுபோவேன்; மழைத்தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே போகும் என்று நீதான் ஒருமுறை சொன்னாய். பாட்டில் மாட்டும் போல்ட்டுகளின் தலை இரண்டும் சரியாகப் பேக்கின் வயிற்றுக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தன. கழற்றிவிட்டு ஓட்டையை ரப்பர் மூடியால் அடைத்துவிட்டேன். கனெக்டர் எக்ஸ்டி90-எஸ், மாட்டும்போது பொறி பறக்காது. ஸ்பார்க் அண்ணனுக்கு வருத்தமாக இருக்கும்.

இப்போது உன் வேலை. படங்களைத் தனியாக வாட்ஸாப்பில் அனுப்பியிருக்கிறேன். நடுக் குழு, வலது பக்கம், மேலிருந்து இரண்டாவது செல்லைப் பெரிதாக்கிப் பார். முள்தானா? வயர்களை ஓரமாகத் திருப்பி, அடியில் பார்லி பேப்பர் தாள் ஒன்று முழுசாக விரிக்கச் சொன்னால் போதுமா, இல்லை அந்த வெல்டையே பிரித்துத் திரும்பப் போடச் சொல்லட்டுமா? இவ்வளவு வெல்ட் போட்ட கை உன்னுடையது, எனக்கு வீடியோ பார்த்த ஞானம்தான். வெள்ளிக்கிழமை வரை சுருக்காமல் வைத்திருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். அதற்குள் போன் பண்ணு. திட்டுவதானால் முதலில் பதிலைச் சொல்லிவிட்டு அப்புறம் திட்டு.

உன் கிளாம்ப் மீட்டர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. முதல் ஓட்டத்தில் 25 ஆம்பியர் நிஜமாகவே 25-தானா என்று பார்த்துவிட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
உன் கடன்காரன்