நெட் இல்லாமல் கேச் தேடப் போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். பருப்புப்பொடி பார்சல் வந்து சேர்ந்ததா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அடுத்த வாரம் சுவிட்சர்லாந்தில் லவுட்டர்புருன்னன் போகிறேன், அங்கே ஜியோகேச் (யாரோ ஒளித்து வைத்து, இடத்தின் எண்களை நெட்டில் போட்டிருக்கும் சின்னப் பெட்டி) தேடப் போகிறேன் என்று போனில் சொன்னாய். அங்கே நெட் போட்டால் பில் எகிறுமே, நெட் இல்லாமல் எப்படிப்பா தேடுவது என்றும் கேட்டாய். அன்றைக்கு லைன் விட்டுவிட்டு வந்ததில் பாதிதான் சொல்ல முடிந்தது. வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்பினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு மறந்துவிடுவாய். அதனால்தான் கடிதம். முதல் வேலையாக இதையே போனில் இறக்கி வைத்துக்கொள்.

பில் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2017 ஜூன் 15 முதல் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் கிடையாது. சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை. சில கம்பெனிகள் தாங்களாகவே அதையும் பிளானில் சேர்த்துக் கொடுக்கின்றன, உன் பிளானில் உண்டா என்று பார். இல்லையென்றால் ஜெர்மனியில், உன் ஃப்ரைபுர்க்கில் ரயில் ஏறும்போதே டேட்டா ரோமிங்கை அணைத்துவிடு. எல்லை தாண்டி பாஸல் வரட்டும் என்று காத்திருக்காதே. டவருக்கு எல்லைக்கோடு தெரியாது.

இனி நிஜ விஷயம். நெட் இல்லையென்றால் போனுக்கு இடம் தெரியாது என்று நம் தெருவிலும் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஜி.பி.எஸ்.ஸுக்கு நெட் வேண்டாம், சிம் கூட வேண்டாம். சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள், இப்போது மணி இத்தனை, நான் இருக்கும் இடம் இது என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. போன் அதை ரேடியோப் பெட்டி மாதிரி கேட்டுக்கொள்வதோடு சரி, திருப்பி ஒரு வார்த்தை பேசுவதில்லை. நான்கு செயற்கைக்கோள்கள் சரியாகக் கேட்டால் போதும், நீ நிற்கும் இடமும் உயரமும் கணக்கில் வந்துவிடும். அந்த இடத்தின் வரைபடமும், அங்கே யார் என்ன ஒளித்து வைத்திருக்கிறார் என்ற விவரமும்தான் வானத்திலிருந்து வராது. அதை வீட்டு வைஃபையில் முன்கூட்டியே எடுத்துக்கொள்ள வேண்டும். போன கோடையில் உன்னோடு இருந்தபோது நான் ஜெர்மன் சிம்மே வாங்கவில்லையே! நீ ஆபீஸ் கிளம்பியதும் நான் பிளாக் ஃபாரஸ்ட் பக்கம் கிளம்பியதெல்லாம் இப்படித்தான்.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. நெட் இருக்கும்போது எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் போனுக்கு டவர் வழியாக நொடியில் வந்துவிடும். நெட் இல்லாதபோது அதையும் செயற்கைக்கோளிடமிருந்தே கேட்டு வாங்க வேண்டும். அது சொல்லும் வேகமோ நொடிக்கு வெறும் 50 பிட். ஒரு செயற்கைக்கோளின் சொந்த விவரத்துக்கு அரை நிமிடம் ஆகும், எல்லாவற்றையும் பற்றிய முழுப் பட்டியலுக்குப் பன்னிரண்டரை நிமிடம் ஆகும். நடுவில் ஒரு மரமோ பாறையோ மறைத்தால் விட்ட இடத்துக்காக மறுபடி காத்திருக்க வேண்டும். அதனால் காலையில் விடுதியை விட்டு வெளியே வந்ததும், வானம் நன்றாகத் தெரியும் இடத்தில் போனைப் பிடித்துக்கொண்டு ஐந்து பத்து நிமிடம் சும்மா நில். ஒரு காபி குடி. பாறைச் சந்துக்குள் போன பிறகு முதல்முறையாக ஆன் செய்து, "ஜி.பி.எஸ். வேலை செய்யலைப்பா" என்று சொல்லாதே.

இறக்க வேண்டியவை. உன்னுடையது ஆண்ட்ராய்டு, அதனால் சி:ஜியோ என்ற கேச் தேடும் ஆப் போதும், காசும் கிடையாது. மேப்பில் அந்தப் பள்ளத்தாக்கைத் திறந்து, தேடப்போகும் கேச்களைச் சேமித்துக்கொள். விவரம், குறிப்பு, படங்கள், முன்பு தேடியவர்கள் எழுதிய பதிவுகள் எல்லாம் சேர்ந்து வருகிறதா என்று பார். கடைசி நாலைந்து பதிவுகளைக் கட்டாயம் படி. வரிசையாக "கிடைக்கவில்லை" என்றிருந்தால் பெட்டியே போயிருக்கும், அதற்காக மலை ஏறாதே. ஜியோகேச்சிங் தளத்தை நடத்தும் கம்பெனியின் சொந்த ஆப்பிலும் ஆஃப்லைன் வசதி உண்டு, ஆனால் பணம் கட்டிய உறுப்பினருக்குத்தான். பணம் கட்டினால் ஒரே கோப்பில் ஆயிரம் கேச் வரை வாங்கலாம். இரண்டு நாள் பயணத்துக்கு அது எதற்கு?

வரைபடத்துக்கு, பொதுமக்களே சேர்ந்து வரையும் இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் ஆஃப்லைன் கோப்பு ஒன்று. கூடவே ஸ்விஸ்டோப்போ ஆப். அது அந்த நாட்டு அரசின் நில அளவைத் துறையுடையது. 2021 மார்ச்சிலிருந்து தங்கள் வரைபடத் தரவுகளை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். வேண்டிய பகுதியைப் போனில் சேமித்துக்கொள்ளலாம். பாறையின் ஒவ்வொரு மடிப்பையும் கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். வாழ்நாள் முழுக்க நிலம் அளக்கச் சங்கிலியும் கிராஸ் ஸ்டாஃபும் (செங்கோணம் பார்க்கும் கருவி) பிடித்தவன் சொல்கிறேன், அதைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

எல்லாவற்றையும் இறக்கிய பிறகு, முந்தின நாள் ராத்திரி வீட்டிலேயே ஏரோபிளேன் மோடில் போட்டு ஒவ்வொன்றையும் திறந்து பார். திறக்காதது எதுவோ அது இறங்கவில்லை. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் கிளம்பாதே.

அடுத்து ஆயத்தொலைவு எண்கள். போனில் கேச் இருந்தாலும், பல கட்டமாகப் போகும் மல்டி கேச் என்றால் வழியில் பலகையில் இருக்கும் எண்களைப் பார்த்துக் கணக்குப் போட்டு அடுத்த இடத்தை நீயே கையால் அடிக்க வேண்டும். கேச்சிங்கில் பாகை, நிமிடம், நிமிடத்தின் தசமம் என்றுதான் எழுதுவார்கள். 46 பாகை 35.500 நிமிடம் என்றால் 35 நிமிடம் 30 விநாடி. அதை 35 நிமிடம் 50 விநாடி என்று படித்தால் வடக்கே அறுநூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போய் நிற்பாய். அந்தப் பள்ளத்தாக்கில் அறுநூறு மீட்டர் என்பது செங்குத்துப் பாறையின் அந்தப் பக்கமாகக் கூட இருக்கலாம். கடைசி தசம இலக்கம் ஒன்று மாறினால் வடக்கு தெற்கில் 1.85 மீட்டர் நகரும். கிழக்கு மேற்கில் அங்கே 1.27 மீட்டர்தான், நம் ஊரில் 1.8க்கும் மேல். வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்குவதால் அப்படி. (இது உனக்குத் தேவையில்லை, எழுதாமல் இருக்க முடியவில்லை.)

இப்போது தேடும் இடம். லவுட்டர்புருன்னனில் இரண்டு பக்கமும் சுவர் மாதிரிப் பாறை. ஸ்டாவ்ப்பாக் அருவி மட்டுமே கிட்டத்தட்ட 300 மீட்டர் விழுகிறது. இப்படிப்பட்ட இடத்தில் செயற்கைக்கோளின் சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பியும் வரும், போன் அதையும் நம்பிக் கணக்குப் போடும். வெட்டவெளியில் ஐந்து மீட்டருக்குள் காட்டும் போன் அங்கே இருபது முப்பது மீட்டர் தள்ளிக் காட்டினால் ஆச்சரியமில்லை. அம்புக்குறி சுற்றிச் சுற்றி ஆடும். ஒளித்தவருடைய போனும் அங்கே அப்படித்தான் ஆடியிருக்கும். ட்ரும்மெல்பாக் அருவிகள் மலைக்கு உள்ளேயே விழுகின்றன, அங்கே ஜி.பி.எஸ்.ஸை மறந்தே விடலாம்.

ஆகவே கடைசிப் பத்துப் பதினைந்து மீட்டரில் போனைப் பையில் போட்டுவிடு. கண்ணால் தேடு. நான் ஒளிப்பவனாக இருந்தால் எங்கே வைப்பேன் என்று யோசி. பாசி படியாத ஒரு கல், வரிசை மாறாமல் அடுக்கிய குச்சிகள், வேருக்கடியில் தேவையில்லாமல் சொருகிய மரப்பட்டை, இவைதான் அடையாளம். ஜெர்மன்காரர்கள் விரும்பி வைப்பது பெட்லிங். கோலா பாட்டிலாக ஊதுவதற்கு முன் இருக்கும் சோதனைக்குழாய் போன்ற தடித்த பிளாஸ்டிக் குழல், பாட்டில் மூடியோடு. ஒரு பீச் மரத்தின் வேர்ப் பொந்திலிருந்து நான் எடுத்தது பச்சை டேப் சுற்றியிருந்தது, மூடியில் ஒரு நரம்புக் கயிறு. உள்ளே ஜிப் கவர், அதற்குள் சுருட்டிய காகிதப் பட்டை, இரண்டு விரல் அகலம். தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. சுவிட்சர்லாந்திலும் இதே ஜாதிதான் அதிகம் கிடைக்கும் என்று நினைக்கிறேன். சின்னப் பெட்டிகளில் பேனா இருக்காது, நீ பென்சில் எடுத்துப் போ. ஈரக் காகிதத்திலும் குளிரிலும் பென்சில் எழுதும்.

வயல் ஓரத்துக் கல் சுவர்களைக் கலைத்துத் தேடாதே. சுவருக்குள் இருப்பதாக இருந்தால் விவரத்திலேயே சொல்லியிருப்பார்கள். எடுத்ததை எடுத்தபடியே வை, யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு.

குறிப்பு பூட்டியிருந்தால் பயப்படாதே. ஆங்கில எழுத்துகளைப் பதின்மூன்று இடம் தள்ளி எழுதியிருப்பார்கள், ஏ-க்கு என், பி-க்கு ஓ. ஆப் நெட் இல்லாமலே திறந்துவிடும். கண்டுபிடித்ததும் காகிதத்தில் பெயரும் தேதியும் எழுது. ஆப்பில் ஆஃப்லைன் பதிவு என்று சேமித்துவை, வைஃபை வந்ததும் அனுப்பலாம். எர்த்கேச் என்றால் பெட்டியே கிடையாது. நிலவியல் பாடம் ஒன்றைச் சொல்லிக் கேள்வி கேட்பார்கள், 2004இல் அமெரிக்க நிலவியல் சங்கத்தோடு சேர்ந்து தொடங்கியது அது. விடைகளை அந்த இடத்திலேயே நோட்டில் எழுதிக்கொள், அறைக்கு வந்து நினைவிலிருந்து எழுதலாம் என்று விட்டுவிடாதே.

இந்த விளையாட்டு தொடங்கிய கதையே எங்கள் தொழிலோடு ஒட்டியது. அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே பிழை சேர்த்து வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும் கருவியை வைத்துக்கொண்டு யார் நிலம் அளக்க முடியும்? 2000 மே முதல் நாள் கிளின்டன் அதை நிறுத்துவதாக அறிவித்தார். மே 3ஆம் தேதியே ஆரெகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் காட்டோரத்தில் ஒரு கறுப்பு வாளியைப் பாதி புதைத்து, அதன் இடத்தை எல்லோருக்கும் அறிவித்தார். உள்ளே புத்தகம், கவண், இன்னும் சில சாமான்கள், ஒரு பீன்ஸ் டின். சர்வே ஆபீசில் நாங்கள் செய்தியைப் பேசிக்கொண்டிருந்தோம், அந்த மனிதர் அதற்குள் வாளி வாங்கிவிட்டார்!

பத்திரம் பற்றி அப்பா சொல்லாமல் விட முடியாது. ஒவ்வொரு கேச்சுக்கும் பாதைக் கடினம் 1 முதல் 5 வரை போட்டிருக்கும், 3க்கு மேல் தனியாகப் போகாதே. அங்கே பாதைகளை மஞ்சள் பலகை காட்டும். வெள்ளை-சிவப்பு-வெள்ளைப் பட்டை என்றால் மலைப்பாதை, நல்ல ஷூ வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் நமக்கு வேலையில்லை, திரும்பிவிடு. கன்றோடு நிற்கும் மாடுகளைச் சுற்றிப் போ, படம் எடுக்கப் பக்கத்தில் போகாதே. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், போனை உள்பையில் உடம்போடு வை, பவர் பேங்க் ஒன்று கையில் இருக்கட்டும். டேட்டாவைத்தான் அணைக்கிறாய், போனை இல்லை. அவசரம் என்றால் ஏரோபிளேன் மோடை எடுத்துவிட்டு 112. எந்தக் கம்பெனி டவர் எட்டினாலும் அது போகும். எந்தப் பாதையில் போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று விடுதியில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ.

அப்புறம் எனக்கு ஒரு வேலை. போகும் வழியில் பெர்ன் வரும். ஸ்டேஷனுக்கு மேலேயே பல்கலைக்கழக மேடு. அங்கே பழைய வானாய்வகம் இருந்த இடம்தான் சுவிஸ் நில அளவைக்கு மூலப் புள்ளி, நம் நாட்டு நில அளவைக்கு மத்தியப் பிரதேசத்துக் கல்யாண்பூர் எப்படியோ அப்படி. அந்தப் புள்ளிக்கு அவர்கள் கொடுத்திருக்கும் எண் கிழக்கு 26,00,000 மீட்டர், வடக்கு 12,00,000 மீட்டர். பூஜ்யம் என்று வைக்காமல் இப்படி வைத்ததால் நாட்டின் எந்த மூலையிலும் கிழக்கு எண் 2இல் தொடங்கும், வடக்கு எண் 1இல் தொடங்கும். இரண்டையும் யாராலும் மாற்றிப் படிக்க முடியாது. எவ்வளவு அழகான வேலை பார்! ஒரு ரயிலை விட்டு அடுத்த ரயிலில் போனால்கூட நேரம் போதும். ஸ்விஸ்டோப்போ ஆப்பைத் திறந்து, அந்த இரண்டு எண்ணும் திரையில் வரும் இடத்தில் நின்று ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பு. கடைசி ஓர் இலக்கம் ஆடும், பரவாயில்லை.

அம்மாவுக்கு அருவி போட்டோ போதுமாம். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எடுத்த போட்டோவாக இருக்க வேண்டுமாம்.

அன்புடன்,
அப்பா