நூறு டொலருக்குள் ஒரு மஸ்கித் தடி

அன்புள்ள மகனுக்கு,

செவ்வாய்க்கிழமை நீ அனுப்பிய செய்தி கிடைத்தது. "அப்பா, மஸ்கி மீனுக்கு 100 டொலருக்குள் நல்ல தூண்டில் தடி எது?" அவ்வளவுதான். ஏழு கிழமைக்குப் பிறகு வந்த ஒரு வரி. அம்மாவிடம் காட்டினேன். இரண்டு தரம் வாசித்துவிட்டு, "வேறொன்றும் எழுதவில்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

போனில் தட்டத் தொடங்கினால் பாதியில் சொல்ல வந்தது மறந்துபோகிறது. அதனால் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். கென்னோராவில் இருந்துகொண்டு அப்பாவின் கையெழுத்தைத் தமிழில் வாசிக்கிற பிள்ளை எனக்கு இருக்கிறான் என்பதில் எப்போதும் பெருமைதான். சனிக்கிழமை வகுப்புக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனது வீண்போகவில்லை.

சரி, தடி.

முதலில் நீளத்தைப் பார். விலையைப் பிறகு பார்க்கலாம். எட்டரை அடி வேண்டும். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எட்டு அடிக்குக் கீழே எதையும் வாங்காதே. நாங்கள் தொடங்கிய காலத்தில் ஆறரை அடித் தடிதான், உலக்கை மாதிரி விறைப்பாக இருக்கும். மஸ்கிக்கு அதுதான் என்று சொல்லி விற்றார்கள், நாங்களும் நம்பினோம். பிஜன் லேக்கில் அந்த மீன் வந்தது ஞாபகம் இருக்கும். லூருக்கு, அந்தப் போலி இரைக்கு, பின்னால் படகின் ஓரம் வரை வந்தது. அதன் முதுகில் இருந்த பட்டைகளைக்கூட எண்ணலாம் போல இருந்தது. நீ லூரைத் தண்ணீருக்குள் எட்டு மாதிரிச் சுற்றி, சரியாகத்தான் எட்டுப் போட்டாய். ஆனால் கட்டைத் தடியால் போட்ட எட்டு ஒரு சோற்றுப் பானையின் அகலம்தான் வந்தது. நாலடி மீன் அதற்குள் எப்படித் திரும்பும்? ஒரு தரம் முயன்று பார்த்துவிட்டு அப்படியே கீழே இறங்கிப் போய்விட்டது. நீண்ட தடி என்றால் நுனியை நன்றாகத் தண்ணீருக்குள் விட்டு அகலமாகச் சுற்றலாம். வீச்சும் தூரம் போகும். நாள் முழுக்க வீசினாலும் முதுகு பிடிக்காது. உனக்கு முதுகு வேறு சரியில்லை.

அடுத்தது பலம். பிடிக்குச் சற்று மேலே, தடியிலேயே சின்ன எழுத்தில் அடித்திருப்பார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு அதை வாசி. "ஹெவி" என்றும், லூரின் நிறை 2 அவுன்ஸிலிருந்து 8 அவுன்ஸ் வரை என்றும் இருந்தால் போதும். பெரிய தகடு போட்ட பக்டெயில் லூரையும் இழுக்கலாம், நடுத்தர ரப்பர் லூரையும் வீசலாம். "எக்ஸ்ட்ரா ஹெவி" வேண்டாம், ஒரு இறாத்தல் நிறையுள்ள ரப்பரை வீசுகிறவர்களுக்குத்தான் அது. ஒரேயொரு தடிதான் வாங்கப்போகிறாய் என்றால் எட்டரை அடி ஹெவிதான்.

மலிவான தடியில் கிராஃபைட்டோடு கண்ணாடி நார் கலந்திருப்பார்கள். கொஞ்சம் பாரம், ஆனால் அடிபட்டாலும் தாங்கும். விலை கூடிய முழு கிராஃபைட் தடி இறகு மாதிரி இருக்கும். படகின் விளிம்பில் ஒருதரம் மோதினால் உள்ளே எங்கோ கீறல் விழும், மூன்று மாதம் கழித்து மீன் இழுக்கும்போதுதான் அது தெரியவரும். ஆகவே மலிவு என்பதற்காகத் தலைகுனிய ஒன்றுமில்லை. ஒக்குமாவில் பார், ஷிமானோ கொம்ப்ரேயில் பார். சென்ட் குறோய் மோஜோவும் நல்லதுதான், நீ சொன்ன காசுக்குள் வராது. புதிதாக 100 டொலருக்குள் இந்த அளவில் தேடுவது கஷ்டம். பழையது என்றால் கிடைக்கும். பழையது வாங்கினால் நூல் ஓடுகிற வளையங்களைப் பார்க்காமல் காசைக் கொடுக்காதே. கொஞ்சம் பஞ்சு எடுத்து ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுற்று. ஒரு நார் சிக்கினாலும் அந்த இடத்தில் வெடிப்பு இருக்கிறது என்று அர்த்தம், பிரெய்ட் என்கிற பின்னல் நூலை அது அறுத்துவிடும். நுனி வளையத்தை இரண்டு தரம் பார்.

நூல் சுற்றுகிற ரீல் இருக்கிறதுதானே? அந்த அபு 6500? இல்லையென்றால் சொல், என்னுடையது சும்மாதான் கிடக்கிறது.

தடியில் மிச்சம் பிடி, மற்றதில் பிடிக்காதே. நூல் 80 இறாத்தல் தாங்குகிற பிரெய்ட். லூருக்கு முன்னால் கட்டுகிற லீடர் துண்டு 130 இறாத்தல் ஃபுளோரோகாபன் நூல், அல்லது கம்பி. மஸ்கியின் வாய் எங்கள் ஊர்ச் சீலாவின் வாய் மாதிரி, வெறும் நூலை வைத்தால் ஒரு கடியில் போய்விடும். லூரோடு போகிற மீன் வாய் நிறையக் கொளுக்கியோடு கிடந்து சாகும், அந்தப் பாவம் எங்களுக்கு வேண்டாம். பெரிய வலை வேண்டும், நீண்ட மூக்குக் குறடு வேண்டும், கொளுக்கியையே வெட்டுகிற குறடு வேண்டும். மீனைத் தண்ணீரிலேயே வைத்துக் கழற்று. தூக்கினால் குறுக்காக, வயிற்றைத் தாங்கித் தூக்கு. ஆடி ஆவணி வெயிலில் தண்ணீர் 27 பாகைக்கு மேலே சூடானால் மஸ்கிக்குப் போகவே வேண்டாம். விட்டாலும் பிழைக்காது. இதெல்லாம் உனக்குத் தெரியும். நீதான் எனக்குச் சொல்லித்தந்தாய். இருந்தாலும் சொல்கிறேன்.

தங்கச்சி அஜக்ஸில் வீடு எடுத்துவிட்டாள், அம்மா சொல்லியிருப்பார். பெரியம்மாவுக்கு இப்போது பரவாயில்லை.

யாருடைய படகில் போகப்போகிறாய்? தனியாகப் போகாதே. உங்கள் ஏரியில் 14,500க்கு மேலே தீவுகள் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாத தீவுகள். இப்போதுதான் ஐஸ் போயிருக்கும், ஜூனில்கூட அந்தத் தண்ணீரில் விழுந்தால் கைகால் விறைத்துவிடும். லைஃப் ஜக்கெட்டை இருக்கைக்குக் கீழே வைக்காமல் போட்டுக்கொள். தனியாகப் போகாதே.

குட்டியின் படம் அம்மாவுக்கு வந்தது, புதுச் சைக்கிளோடு உங்கள் கராஜில் நிற்கிற படம். நன்றாக வளர்ந்துவிட்டாள். போன வருஷம் அந்த 40 அடி மஸ்கிச் சிலைக்குக் கீழே நின்றபோது இவ்வளவு உயரமில்லை. அம்மா அவளுடைய முகத்தைத்தான் பெரிதாக்கிப் பார்த்தார். நான் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தேன். மூன்று தடி கொளுவுகிற ஆணிகள் மூன்றும் வெறுமையாக இருந்தன. பார்க் ஃபோல்ஸில் செய்தது என்று தடவித் தடவிக் காட்டினாயே, அந்தச் சென்ட் குறோயும் இல்லை. படகு நிற்கிற இடத்தில் குட்டியின் சைக்கிள் நின்றது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. வேறு இடத்தில் வைத்திருப்பாய். எட்டரை அடி, ஹெவி, வளையத்தைப் பஞ்சால் பார்.

இந்த இடத்தில் நேற்று நிறுத்திவிட்டேன். இரவு நித்திரை வரவில்லை. இன்று விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன்.

2002இல் நான் வேலை செய்த தொழிற்சாலையில் எங்கள் ஷிஃப்டையே நிறுத்தினார்கள். அது உங்களுக்கு யாருக்கும் தெரியாது. நாலு மாதம் நான் வழக்கம்போல விடியப்புறம் ஐந்தரைக்குச் சாப்பாட்டுப் பெட்டியோடு வெளிக்கிட்டேன். பிரிம்லி வீதியால் நேரே கீழே இறங்கி, புளஃபர்ஸ் பார்க்கில் காரை விட்டுவிட்டு ஏரியைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். பன்னிரண்டு மணிக்குப் புட்டைச் சாப்பிடுவேன். மூன்றரைக்குத் திரும்பி வருவேன். மத்தியானத்தில் இரண்டு இடத்தில் வேலை கேட்டுப் போவதும் உண்டு, வேட்டியும் சால்வையுமாக மேடையில் நின்ற வாத்தியாரின் மகன் என்று யாரிடம் சொல்வது. அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா கேட்கவுமில்லை. ஆனால் இரண்டாவது மாதத்திலிருந்து சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிப் போத்தலும் வைக்கத் தொடங்கினார். தொழிற்சாலையில் தேத்தண்ணிக்குக் குறைவில்லை என்று அவருக்குத் தெரியும். அதைப் பற்றி நாங்கள் இருவரும் இன்றுவரை ஒரு சொல் கதைத்ததில்லை.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது, மகன். நீ காசு சேர்த்த நெஸ்ரமோல்ட் ரின்.

உனக்கு அப்போது பதினைந்து வயது. கடைகளின் விளம்பரப் பிளையரை வீடு வீடாகப் போட்டுச் சேர்த்த காசு அது. கதவில் கென் ஓப்ரையனின் படத்தை ஒட்டி வைத்திருந்தாய், 1988இல் ஜோர்ஜியன் பேயில் 65 இறாத்தல் மஸ்கி பிடித்தவர். அவர் அதைப் பிடித்தது கையளவு ரப்பாலாவில்தான், ஆனாலும் எனக்கு ஒரு நல்ல தடி வேண்டும் அப்பா என்று சொல்லிச் சொல்லிக் காசு சேர்த்தாய். அந்த மார்ச் மாதம் வாடகைக்குக் காசு குறைந்தது. நீ பள்ளிக்கூடம் போனபின் மூடியைத் திறந்தேன். ஐந்து டொலர்த் தாள்களைச் சுருட்டி ரப்பர் போட்டிருந்தாய், மிச்சமெல்லாம் லூனியும் டூனியும், ஒரு டொலர் இரண்டு டொலர்க் குற்றிகள். கட்டிலில் கொட்டி எண்ணினேன். 140 டொலர். சில்லறை சத்தம் போடும் என்று போர்வைக்கு மேலே கொட்டினேன். ரின்னை இருந்த இடத்திலேயே, இருந்த பக்கம் பார்த்தே வைத்தேன்.

நீ தங்கச்சிதான் எடுத்தாள் என்று அவளுக்கு அடித்தாய். அவள் எடுக்கவில்லை என்று அழுதாள். நான் வந்து, காசைக் கண்ட இடத்தில் வைத்தால் இப்படித்தான் என்று உனக்கு அடித்தேன். மீன் பிடிப்பது வேலைவெட்டி இல்லாதவனுடைய தொழில் என்றும் சொன்னேன். அன்றைக்கும் நான் புளஃபர்ஸ் பார்க்கிலிருந்துதான் வந்திருந்தேன்.

அந்தக் காசை நான் திருப்பித் தரவில்லை. வேலை கிடைத்தபிறகு தந்திருக்கலாம். தந்தால் எடுத்ததைச் சொல்லவேண்டி வரும். இரண்டு வருஷம் கழித்துத் தடி வாங்கித் தந்து உன்னைப் பக்ஹோர்ன் ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, நல்ல அப்பா என்று நீ எல்லோருக்கும் சொன்னாய். தங்கச்சியிடமும் இதைச் சொல்லவேண்டும். முதலில் உனக்குச் சொல்கிறேன்.

இன்று காலை கடைக்குப் போய் ஒரு தடி வாங்கிவிட்டேன். எட்டரை அடி, ஹெவி, 2 முதல் 8 அவுன்ஸ். பின்பிடி நீளம், கக்கத்தில் நன்றாக அமர்கிறது. ஒவ்வொரு வளையத்திலும் பஞ்சு விட்டுப் பார்த்தேன், கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. 169 டொலரும் வரியும். விலையைப் பற்றி ஒன்றும் சொல்லாதே, அதில் 140 உன்னுடையது. அனுப்பலாமா என்று கேட்டேன், அந்த நீளத்துக்குத் தடியின் விலையில் பாதி கேட்கிறார்கள். அதனால் ஹோலில் சுவரோடு சாத்தி வைத்திருக்கிறேன். உங்கள் பக்கம் மஸ்கி திறப்பது ஜூன் மூன்றாம் சனி. அதற்கு முன் நான் கொண்டுவரட்டுமா, நீ வந்து எடுக்கிறாயா என்று யோசி. 1,900 கிலோமீற்றர் எனக்குப் பெரிய தூரமில்லை, இரண்டு இரவு தங்கி ஓடுவேன். 65 தாண்டியவனுக்கு மீன்பிடி லைசன்ஸும் தேவையில்லை.

எழுத வேண்டாம், போனில் எடு. இங்கே பத்து மணிக்குப் பிறகு எடு, உனக்கு ஒன்பது. அம்மா அதற்குள் மாத்திரை போட்டுப் படுத்துவிடுவார். நான் ஹோலில்தான் இருப்பேன்.

அப்பா